சுருட்டி வைத்த பச்சை ஒயர்

அன்று மதியம் ஒசாகாவில் கஜிதானி மின்பழுதுக் கடைக்குள் இருந்தவர்கள் நான்கு பேர். கடைக்குச் சொந்தக்காரன் கஜிதானி கென்சாகு. நாராவிலிருந்து வந்திருந்த அவன் அக்கா மசுயே அம்மாள். எதிர்ச்சாரியில் வெந்நீர்க் குளியல் கூடம் நடத்தும் கினு. தெருச் சங்கத் தலைவர் உட்சுமி. வேறு ஒருவரும் இல்லை. தானும் உள்ளே இருந்ததாகப் பிற்பாடு சொன்னவர்கள் பலர். அவர்கள் எல்லோரும் சத்தம் கேட்டு ஓடிவந்து, மழையில் குடை பிடித்துக்கொண்டு வாசலில் நின்றவர்கள்.

மசுயே அம்மாள் அன்று ஒசாகாவுக்கு வந்ததே உட்சுமியின் தொலைபேசியால்தான்.

"தப்பா நினைக்காதீங்கம்மா," என்று அவர் ஆரம்பித்திருந்தார். அப்படி ஆரம்பிக்கிறவர்கள் தப்பாக நினைக்க வேண்டிய ஒன்றைத்தான் சொல்லப் போகிறார்கள் என்று அம்மாளுக்குத் தெரியும். "உங்க தம்பி தெருவுல போறவங்களை எல்லாம் கூப்பிட்டுக் கடைக்குள்ள உக்கார வைக்கிறாரு. தபால்காரரு, நாயைக் கூட்டிட்டுப் போற பொண்ணு, யாரையும் விடுறதில்ல. பேசுறதுக்குக் கூப்பிட்டாலாவது பரவாயில்ல. உக்கார வச்சிட்டு முதுகைக் காட்டிட்டு வேலை பாக்குறாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, 'ஆச்சு, ரொம்ப நன்றி, போலாம்'ங்குறாரு. தனியா இருந்து இருந்து மனசு ஏதாவது..."

"அது எங்க கடை வழக்கம்," என்று சொல்லி அம்மாள் தொலைபேசியை வைத்துவிட்டார்.

வழக்கம்தான். அவர்களுடைய அப்பா வைத்த விதி. கரன்ட் ஓடுகிற சர்க்யூட்டை ஒருவன் தனியாக அளக்கக் கூடாது. அறையில் இன்னொருவர் இருக்க வேண்டும். அவர் சுவரில் மொத்த கரன்ட்டையும் துண்டிக்கிற கத்தி சுவிட்சுக்குப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஏதாவது ஆனால் அளக்கிறவனைத் தொடாமல் சுவிட்சைக் கீழே இழுக்க வேண்டும். அப்பா காலத்தில் அதற்கு ஆள் தேடியதில்லை. அம்மா இருந்தாள், சித்தப்பா இருந்தார், சம்பளத்துக்கு இருவர் இருந்தார்கள், பள்ளிக்கூடம் விட்டு வந்த மசுயேவும் இருந்தாள். இப்போது கென்சாகுவின் மனைவி இறந்துவிட்டாள். பிள்ளைகள் கிடையாது. விதி மட்டும் அப்படியே இருந்தது. அதை நிறைவேற்ற ஆள் வேண்டித்தான் அவன் தெருவில் போய் நின்றான்.

கஜிதானி வீட்டுப் பிள்ளை, போகிற வருகிறவர்களிடம் "கொஞ்சம் உள்ளே வந்து உட்காருகிறீர்களா" என்று கேட்டு நிற்பதா? அம்மாளுக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை.

இன்னொன்றும் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. நாராவில் அவர் கணவர் விட்டுப்போன வீடு பெரியது. அடுப்படியில் ஒரு ரேடியோவும் கடைசி அறையில் இன்னொரு ரேடியோவும் வைத்திருந்தார். காலையில் எழுந்ததும் இரண்டிலும் ஒரே நிலையத்தைப் போட்டுவிடுவார். அடுப்படியிலிருந்து கேட்டால், கடைசி அறையில் யாரோ பேசிக்கொண்டிருப்பது போல இருக்கும். தம்பியை அழைத்துக்கொண்டு வந்துவிட்டால் அந்த இரண்டாவது ரேடியோ தேவையில்லை.

ஆக, தம்பியைக் கையோடு அழைத்துப் போவது என்ற முடிவோடுதான் அவர் வந்தார்.

வந்ததும் நேராகவே சொன்னார். "கடையை மூடிட்டு எங்கூட வந்துடு. அறை எல்லாம் சும்மா கிடக்கு."

கென்சாகு அப்போதுதான் வேலை பெஞ்சைத் தயார் செய்து முடித்திருந்தான். "வந்த காலோட ஆரம்பிச்சிட்டியா அக்கா? கினு வீட்டுப் பம்பு நின்னு போச்சு. போய் அதோட சர்க்யூட் பலகையைக் கழட்டி எடுத்துட்டு வந்துடுறேன். நீ இருந்தா இன்னிக்கு வெளியில ஆள் தேட வேண்டாம்."

"அதான் கேக்குறேன். எத்தனை நாளைக்கு ஆள் தேடுவே?"

"கையில உயிர் இருக்குற வரைக்கும்," என்று சிரித்துக்கொண்டே குடையை விரித்துப் போய்விட்டான்.

அம்மாள் கடையைச் சுற்றிப் பார்த்தார். தம்பி ஒழுங்கானவன்தான். ஆனாலும் நாலு பேர் வந்துபோகிற இடம். பெஞ்சைத் துடைத்தார், தரையைத் துடைத்தார். கரன்ட்டின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் பெட்டியின் பிளக்கிலிருந்து ஒரு பச்சை ஒயர் தனியாகப் பிரிந்து, நடக்கிற வழியின் குறுக்கே நீண்டு, கைகழுவும் தொட்டிக்குப் பின்னால் சுவரில் ஒரு திருகில் மாட்டியிருந்தது. வருகிறவர் யாராவது கால் தடுக்கி விழுந்தால்? நாராவில் துணி துவைக்கும் எந்திரத்துக்கும் இப்படி ஒரு பச்சை ஒயர் உண்டு, மைக்ரோவேவ் அடுப்புக்கும் உண்டு. கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிற ஆட்கள் அதை அழகாகச் சுருட்டிக் கட்டிவிட்டுப் போவார்கள். அது அப்படியே பல வருஷமாகச் சுவரோரம் தொங்கும். பக்கத்து வீட்டிலும் அப்படித்தான். அதை எங்கேயாவது மாட்ட வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. அப்பா காலத்துச் சாமான் எதற்கும் பச்சை ஒயர் கிடையாது.

அம்மாள் திருகைத் தளர்த்தி ஒயரை விடுவித்தார். உள்ளங்கையில் வட்டம் வட்டமாகச் சுற்றினார். மிச்ச நுனியை நடுவில் இரண்டு சுற்றுச் சுற்றி, வளையத்துக்குள் செருகி, முடிச்சுத் தெரியாமல் இழுத்தார். கிமோனோவின் இடுப்புக் கட்டு போல இறுக்கிக் கட்டுவது அவர் கைப்பழக்கம். சுருளைப் பெஞ்சுக்குப் பின்னால் தள்ளிவிட்டார். நடக்கிற வழி இப்போது பார்க்க நன்றாக இருந்தது.

கென்சாகு பலகையோடு திரும்பியபோது கினுவும் கூடவே வந்தாள். குடையைக்கூட மடக்காமல் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"சீக்கிரம் பாருங்க கஜிதானிசான். மூணு கிழவனுங்க தலையில சோப்போட உக்காந்திருக்கானுங்க. தண்ணி வரலைன்னு என்னைத் திட்டுறதோட நிக்காம, என்னைக் கட்டிக்கிட்டவரையும் திட்டுறானுங்க. அவர் போய்ச் சேந்து எவ்வளவு நாளாச்சு!"

"சோப்பு காஞ்சா உதிர்ந்துடும்," என்றான் கென்சாகு.

பின்னாலேயே உட்சுமி வந்தார். அம்மாளைப் பார்த்துத் தலை குனிந்து வணங்கினார். "நீங்க வந்திருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன்."

"நீங்கதானே வரவழைச்சீங்க," என்றார் அம்மாள்.

உட்சுமி துணி வியாபாரம் செய்து ஓய்ந்தவர். எதையும் தொட்டுப் பார்த்துக் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. கென்சாகு தரையில் ரப்பர் பாயை இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே கேட்டார். "அந்தக் கனமான டிரான்ஸ்ஃபார்மரு ஒண்ணு வச்சிருப்பீங்களே, மெயினைப் பிரிச்சுக் குடுக்கிறது? இன்னிக்கு அது இல்லையா?"

"அது சின்னது. இந்தப் பலகை இழுக்குற கரன்ட்டைத் தாங்காது. அதனால வேற வழியில பாக்கணும்." கென்சாகு ஸ்கோப்பிலிருந்து வரும் இரண்டு புரோப்களை, முனையில் கொக்கி வைத்த அளவுக் குச்சிகளை, தூக்கிக் காட்டினான். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சிறிய முதலைவாய்க் கிளிப் தொங்கியது. "இந்தக் கிளிப்பு இருக்கே, இது நேரா இந்தப் பெட்டியோட உடம்பு. கிளிப்பை மெயின்ல மாட்டினா, பெட்டியையே மெயின்ல மாட்டின மாதிரி. அதனால ரெண்டு கிளிப்பையும் ஒண்ணோட ஒண்ணு கவ்விவிட்டுட்டு, சர்க்யூட்டுப் பக்கமே போக விடக் கூடாது. ரெண்டு புரோப்போட முனையை மட்டும் ரெண்டு இடத்துல வச்சு, ஒண்ணுலேருந்து இன்னொண்ணைக் கழிச்சா, நடுவுல என்ன இருக்குன்னு திரையில தெரியும்."

"கை தவறிக் கிளிப்பு பட்டுட்டா?"

"டமார்னு சத்தம் வரும். ஃபியூஸ் போகும். அவ்வளவுதான். பெட்டிக்குத்தான் எர்த்து ஒயர் குடுத்திருக்கே, கரன்ட்டு அது வழியா மண்ணுக்கு ஓடிடும். சத்தம் வந்தா பயந்துடாதீங்க. சத்தம் வந்தா நல்லதுன்னு வச்சுக்கங்க."

"நம்ம சங்கக் கூட்டம் மாதிரி," என்றாள் கினு. "சத்தம் போட்டா ஆபத்தில்ல. உட்சுமிசான் பேசாம உக்காந்திருந்தாத்தான் பயம்."

அம்மாள் முக்காலியில் போய் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். கத்தி சுவிட்சின் பீங்கான் பிடி தோளுக்கு நேராக இருந்தது. சின்ன வயதில் அது அவர் தலைக்கு மேலே இருந்தது. தம்பி கேட்கும் முன்பே கையை அதன் மேல் வைத்துக்கொண்டார்.

கென்சாகு கைக்கடிகாரத்தைக் கழற்றினான். இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இடுப்பு வாரைப் பிடித்துக்கொண்டான். அதுவும் அப்பா வைத்த பழக்கம். வேலை செய்வது ஒரு கைதான். "போடுக்கா," என்றான். அம்மாள் சுவிட்சை மேலே தள்ளினார்.

அவன் ஒரு புரோப்பின் கொக்கியை மாட்டினான். இரண்டாவதையும் மாட்டினான். திரையில் ஒரு கோடு எழுந்து, வளைந்து, நடுவில் பல் உடைந்தது போல நின்றது. "அதோ, அங்கதான் கோளாறு," என்று முனகினான். இன்னும் நன்றாகப் பார்ப்பதற்காக இரண்டாவது கொக்கியை இன்னொரு முனைக்கு மாற்றினான். அப்போது ஒன்றையொன்று கவ்வியபடி தொங்கிக்கொண்டிருந்த கிளிப்புகள் ஊஞ்சல் போல ஆடி, பலகையின் அலுமினியத் தகட்டின் மேல் போய் உட்கார்ந்தன. மெயின் ஓடுகிற தகடு அது.

சத்தம் வரவில்லை.

அதனால் யாரும் எதையும் கவனிக்கவில்லை. கோடு குதித்ததைப் பார்த்த கென்சாகு, திரையைத் தன் பக்கம் திருப்ப ஸ்கோப்பின் உலோகக் கைப்பிடியைப் பிடித்தான். மழைக்கால வியர்வையில் கால்சட்டை நனைந்திருந்தது. முழங்கால் பெஞ்சின் இரும்புக் காலில் பட்டுக்கொண்டிருந்தது.

அவன் விழவில்லை, கத்தவுமில்லை. குனிந்து எதையோ உற்றுப் பார்ப்பது போல அப்படியே நின்றான்.

"என்ன, கிடைச்சிடுச்சா?" என்றாள் கினு.

அம்மாள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் இருந்த இடத்திலிருந்து முதுகுதான் தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் இருந்த இடது கை மட்டும் தெரிந்தது. இடுப்பு வாரைப் பிடித்திருந்த அந்த விரல்கள் ஒவ்வொன்றாக விறைத்தன. அம்மாள் சுவிட்சை இழுத்தார். அந்தப் பழைய பிடி கீழே அறைந்த சத்தம்தான் அன்று தெருவுக்குக் கேட்ட சத்தம்.

கென்சாகு முழங்கால் மடங்கித் தரையில் உட்கார்ந்தான். உள்ளங்கையில் வெள்ளையாக ஒரு கோடு வெந்திருந்தது. அவனால் மூச்சு விட முடிந்தது, பேசவும் முடிந்தது. கினு வைத்தியரை அழைத்து வர ஓடினாள். உட்சுமி ஓடவில்லை. ஆனால் வாசலில் கூடியவர்களுக்கு நடந்ததைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

வைத்தியர் வந்து இதயத் துடிப்பைப் பார்த்தார். பயமில்லை என்றார். "கரன்ட் வலது கையில போயி வலது கால் வழியா இறங்கியிருக்கு. இடது கையும் எங்கயாவது பட்டிருந்தா, நெஞ்சுக்குக் குறுக்கப் போயிருக்கும். நான் வந்திருக்க வேண்டிய தேவையே இருந்திருக்காது," என்றார். கென்சாகுவைத் தனியாக விட வேண்டாம் என்றும் சொல்லிப் போனார்.

எல்லோரும் போன பிறகு கென்சாகு பெஞ்சுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினான். சுருளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

"மாட்டவே இல்லையே," என்றான்.

அம்மாள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கெண்டியின் மூக்கு கிண்ணத்தின் விளிம்பில் இடித்தது. டமார் என்று வரவேண்டிய சத்தம் ஏன் வரவில்லை என்பது அந்த நொடியில் அவருக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பச்சை ஒயர்தான் எர்த்; மண்ணுக்குப் போக வழியில்லாமல் கரன்ட் பெட்டியிலேயே நின்று, தம்பி தொட்டதும் அவன் உடம்பு வழியாக இறங்கியிருக்கிறது.

"காலையில மாட்டினேன் அக்கா. திருகை முறுக்கினது இன்னும் விரல்ல இருக்கு. ஆனா அது இன்னிக்கு முறுக்கினதா, நேத்து முறுக்கினதான்னு தெரியலையே." அவன் சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மாட்டாததோட நிக்காம, சுருட்டி வேற வச்சிருக்கேன். எப்ப சுருட்டினேன்? துளிகூட ஞாபகம் இல்ல. உட்சுமி சொல்றது சரிதான் போல. எனக்கு என்னமோ ஆகிட்டிருக்கு."

அவன் குரலில் கோபமோ அழுகையோ இல்லை. இருட்டில் படிக்கட்டைத் தேடுகிறவன் குரல்.

அம்மாள் வாயைத் திறந்தார். "டீயைக் குடி. ஆறிடும்," என்றார்.

அவன் குடித்தான். குடித்துவிட்டு, "நாராவுக்கு வந்துடுறேன் அக்கா," என்றான்.

கேட்க வேண்டும் என்று வந்த வார்த்தை அதுதான். அம்மாள் அன்றிரவு கடைக்கு மேலே இருந்த அறையில் படுத்துக்கொண்டு, எந்த அறையைத் தம்பிக்குக் கொடுப்பது என்று யோசித்தார். கிழக்குப் பார்த்த அறையில் வெயில் வரும். அவனுக்கு ஒரு சோற்றுக் கிண்ணம் வாங்க வேண்டும், ஒரு ஜோடி சாப்பாட்டுக் குச்சி வாங்க வேண்டும். காலையில் எதிரே ஒருவன் உட்கார்ந்து சூப்பு உறிஞ்சுகிற சத்தம் கேட்கும். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? உயிர் பிழைத்தான். இனி தெருவில் நின்று ஆள் தேட வேண்டாம். ஓர் ஒயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும்.

ஆனால் கீழே அவன் தூங்கவில்லை. திருகை முறுக்குகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டது. மாட்டியிருக்கிறதா என்று பார்க்கிறான். பார்த்ததை நம்ப முடியாமல் மறுபடியும் பார்க்கிறான்.

மறுநாளும் அப்படித்தான் போனது. கென்சாகு கருவிகளைத் துணியில் சுற்றிப் பெட்டிகளில் வைத்தான். குழாயைத் திறந்தால் மூடினோமா என்று திரும்பிப் போய்ப் பார்த்தான். தைவானிலிருந்து கப்பலில் வந்த எந்திரத்தின் கோளாறைக்கூட ஒரே பார்வையில் கண்டுபிடிக்கிறவன், அடுப்பை அணைத்தோமா என்று அக்காவைக் கேட்டான். அம்மாள் ஒவ்வொரு தடவையும் "அணைச்சிட்ட" என்று சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் சிறுத்துக்கொண்டே போனது.

கிளம்புகிற அன்று மழை விட்டிருந்தது. உட்சுமி பயற்றுப் பணியாரம் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். கினுவும் வந்தாள். வாசலில் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் நின்றார்கள்.

"நல்ல முடிவு," என்றார் உட்சுமி, எல்லோருக்கும் கேட்கும்படி. "வயசானா மறதி வர்றது சகஜம். ஒயரை மாட்ட மறந்தாரு, நல்லவேளையா அக்கா இருந்தாங்க. வெறும் சோப்புத் தண்ணியிலயா விளையாடுறோம், கரன்ட்டுல்ல? நாளைக்குத் தெருவே பத்திக்கிட்டா?"

கென்சாகு கட்டுப் போட்ட கையைத் தொடையோடு சேர்த்து வைத்துக்கொண்டான். முதலில் கினுவுக்கு, பிறகு உட்சுமிக்கு, பிறகு தெருவுக்கு, இடுப்பு மடங்கத் தலை குனிந்தான். "என்னோட கவனக்குறைவு. உங்க எல்லாருக்கும் கஷ்டம் குடுத்துட்டேன்," என்றான்.

குனிந்தவன் சீக்கிரம் நிமிரவில்லை.

அவர்களுடைய அப்பா வாடிக்கையாளர்களுக்குக் குனிந்திருக்கிறார், வரி வாங்க வந்தவர்களுக்குக் குனிந்திருக்கிறார். செய்யாத தப்புக்கு அந்த வீட்டில் யாரும் குனிந்ததில்லை. அம்மாள் தம்பியின் பிடரியைப் பார்த்தார். நரைத்த முடிக்குக் கீழே, சட்டைக் காலருக்கு மேலே, அது ஒரு சின்னப் பையனின் பிடரி போல இருந்தது.

"நிமிரு," என்றார்.

"அக்கா..."

"நிமிருடா. உட்சுமிசான், ஒயரை இவன் மறக்கல. காலையில மாட்டியிருந்தான். திருகுல இறுக்கமா இருந்துச்சு. நான்தான் கழட்டினேன்."

"நீங்களா?" உட்சுமி சிரிக்கப் பார்த்தார். "தம்பி மேல இருக்கிற பாசத்துல சொல்றீங்க."

அம்மாள் கென்சாகுவிடம் கையை நீட்டினார். அவன் ஸ்கோப்பின் பிளக்கை எடுத்துக் கொடுத்தான். எல்லோர் கண்ணெதிரிலும் அவர் பச்சை ஒயரை உள்ளங்கையில் சுற்றி, நுனியை நடுவில் இரண்டு சுற்று விட்டு, வளையத்தில் செருகி, முடிச்சுத் தெரியாமல் இழுத்தார். கென்சாகு அதைக் கையில் வாங்கிப் பார்த்தான். அன்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த அதே சுருள்.

அவன் அதை வெகுநேரம் பார்த்தான். பிறகு அவன் தோள் கீழே இறங்கியது.

"கிமோனோக் கட்டு மாதிரி இறுக்கியிருந்துச்சு," என்றான். "நான் கட்டினா இப்படி வராதேன்னு அப்பவே தோணுச்சு."

"தோணுச்சுன்னா கேக்க வேண்டியதுதானே?"

"உன்னைப் போயி எப்படிக் கேக்குறது?"

கினு மூக்கைச் சிந்தினாள். "என் வீட்டுத் துவைக்கிற எந்திரத்துலயும் அந்தப் பச்சை ஒயரு சுருட்டித்தான் கிடக்கு. அத எங்கயாச்சும் மாட்டணுமா என்ன?" என்றாள். வாசலில் நின்றவர்களில் இரண்டு பேர் தங்கள் வீடுகளின் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு நாராப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. கென்சாகு ஒரு பெட்டியைத் திறந்து புரோப்களை வெளியே எடுத்தான். கினுவின் பம்புப் பலகை பெஞ்சில் அப்படியே கிடந்தது. "அக்கா, ரயிலுக்கு நேரம் இருக்குல்ல?" என்றான்.

அம்மாள் முக்காலியில் உட்கார்ந்து பீங்கான் பிடியில் கையை வைத்தார். கென்சாகு பச்சை ஒயரின் கட்டை அவிழ்த்து, நீட்டி, திருகில் மாட்டி, முறுக்கினான். ஒரு தடவைதான் முறுக்கினான். திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை. கிளிப்புகளைக் கழற்றி மேசை டிராயரில் போட்டான். இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அம்மாள் சுவிட்சை மேலே தள்ளினார், அவன் அளந்து முடித்தான்.

"ஆச்சு," என்றான். "ரொம்ப நன்றி. போலாம்."

தெருவில் போகிறவர்களிடம் அவன் சொல்வதும் அதே வார்த்தைகள்தான். அம்மாள் எழுந்து பையை எடுத்துக்கொண்டார். பயற்றுப் பணியாரத்தை அவனுக்கே விட்டுவிட்டுப் போனார். நாரா வீட்டில் கதவைத் திறந்ததும் முதலில் அடுப்படி ரேடியோவைப் போட்டார். பிறகு கடைசி அறைக்குப் போய் மற்றதையும் போட்டார்.

கஜிதானி கென்சாகு எர்த் ஒயரை மாட்ட மறந்துவிட்டார் என்றும், அக்கா அவரை அழைத்துப்போக வந்து, கோபித்துக்கொண்டு தனியாகத் திரும்பினார் என்றும் அந்தத் தெருவில் இன்றும் சொல்கிறார்கள். இரண்டும் பொய். ஒயரைக் கழற்றிச் சுருட்டியவர் அக்கா மசுயே. அவர் கோபித்துக்கொள்ளவில்லை.